கேரகல் லின்க்ஸுக்கு உறவா? நடுத்தரப் பூனைகள் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில்

கேள்வி கேட்டவர் நான்கு சந்தேகங்களை ஒன்றாக முடிந்து, ஒரு காணொளியையும் சேர்த்து அனுப்பியிருக்கிறார். காது நுனியில் கறுப்பு முடிக்கற்றையும் செம்மண் நிற உடம்புமாக இருக்கும் கேரகல் என்ற பூனை, லின்க்ஸ் என்ற இன்னொரு பூனையின் பாலைவன வகைதானா? ஒரே பாய்ச்சலில் பத்துப் புறாக்களை அடித்து வீழ்த்தும் என்று ஒரு காணொளியில் சொல்கிறார்களே, அது உண்மையா? புலி, சிறுத்தை அளவுக்குப் பெரிதாகவும் இல்லாமல், வீட்டுப்பூனை அளவுக்குச் சிறிதாகவும் இல்லாமல் நடுவில் இருக்கும் இந்தப் பூனைகளெல்லாம் ஒரு தனிக் கூட்டமா? கடைசி வரியில், இதை வீட்டில் வளர்க்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறார். இந்த நான்குக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருப்பதாக எனக்குப் படுகிறது. ஒரு பூனையின் உருவத்தைப் பார்த்து அதன் உறவையும் பிழைப்பையும் குணத்தையும் எவ்வளவு தூரம் சொல்லிவிட முடியும்?

நான் பல ஆண்டுகளாகச் சிறிய, நடுத்தர ஊனுண்ணிகள் எதைத் தின்று வாழ்கின்றன என்பதை ஆராய்ந்து வருகிறேன். வேலையில் பெரும்பகுதி வறண்ட புதர்க்காட்டில் அவற்றின் கழிவான எச்சத்தைப் பொறுக்குவதும், அதை நீரில் அலசி உலர்த்தி, மிஞ்சும் முடியையும் பல்லையும் எலும்புத் துண்டையும் நுண்ணோக்கியில் வைத்து எந்த விலங்கினுடையது என்று கண்டுபிடிப்பதும்தான். கேரகலை நேரில் பார்த்த தடவைகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அது தின்றதன் மிச்சத்தைத்தான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆகவே உணவு பற்றி நான் சொல்வது கைப்பட்ட அனுபவம். மரபணு பற்றிச் சொல்வது மற்றவர்கள் செய்த ஆய்வைப் படித்துத் தெரிந்துகொண்டது. இரண்டையும் ஒரே எடையில் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதல் கேள்விக்குத் தயக்கமில்லாமல் பதில் சொல்லலாம்: கேரகல் லின்க்ஸ் இல்லை. பழைய புத்தகங்களில் 'பாலைவன லின்க்ஸ்', 'பாரசீக லின்க்ஸ்' என்ற பெயர்கள் இருப்பதால் குழப்பம் வருகிறது. இன்று வாழும் பூனை இனங்களை மரபணு அடிப்படையில் எட்டுக் கால்வழிகளாகப் பிரிக்கிறார்கள். அதில் கேரகல் இருக்கும் கால்வழியில் மூன்றே இனங்கள்தான்: கேரகல், ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் வாழும் செர்வல், மத்திய, மேற்கு ஆப்பிரிக்க மழைக்காடுகளில் வாழும் ஆப்பிரிக்கப் பொன்னிறப் பூனை. லின்க்ஸ்கள் நான்கும் (யூரேசிய, ஐபீரிய, கனடா லின்க்ஸ்கள், பாப்கேட்) தனியொரு கால்வழி. கண்ணால் பார்த்தும் பிரிக்கலாம். லின்க்ஸுக்கு வால் வெட்டிவிட்டது போல் குட்டையாக இருக்கும், கன்னத்தில் தாடி போல முடி தொங்கும், பெரும்பாலும் உடம்பில் புள்ளிகள் தெரியும். கேரகலுக்கு வால் பின்னங்கால் மூட்டுவரை வரும், கன்னத்தில் தாடி கிடையாது, முதுகு முழுக்க ஒரே நிறம்.

இந்த எட்டுப் பிரிவும் உறுதியானது. அந்தப் பிரிவு எப்போது நடந்தது என்பதில்தான் கொஞ்சம் நெகிழ்வு உண்டு. 2006இல் வெளியான பெரிய மரபணு ஆய்வு கேரகல் கால்வழி ஏறக்குறைய 85 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பும், லின்க்ஸ் கால்வழி 72 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பும் கிளைத்ததாகக் கணித்தது. புதைபடிவங்களை நங்கூரமாக வைத்துப் போடும் கணக்கு என்பதால் முன்பின் பல லட்சம் ஆண்டுகள் நகர இடமுண்டு. பழங்காலத்தில் கால்வழிகளுக்கு இடையே கலப்பு நடந்த தடயங்களையும் பிறகு வந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே தேதியைக் கல்வெட்டாக எண்ண வேண்டாம். கேரகலுக்கு லின்க்ஸைவிட செர்வல் நெருங்கிய சொந்தம் என்பது மட்டும் எந்தக் கணக்கிலும் மாறவில்லை.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. துருக்கி மொழியில் 'கரா குலாக்' என்றால் கறுப்புக் காது. பாரசீகத்தில் 'சியா கோஷ்'. அதற்கும் அதே பொருள்தான், வட இந்தியாவில் இன்றும் அந்தப் பெயர் வழங்குகிறது. நம் காதுக்கு 'கரா' என்பது 'கரு' என்ற சொல்லோடு ஒட்டிக் கேட்பது தற்செயல், சொல்லுறவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எல்லா மொழிக்காரர்களும் முதலில் காதைத்தான் கவனித்திருக்கிறார்கள். குழப்பம் தொடங்குவதும் அந்தக் காதில்தான். முடிக்கற்றை உறவைக் காட்டும் அடையாளம் கிடையாது. லின்க்ஸுக்கு அது உண்டு, கேரகலுக்கு உண்டு, சதுப்பு நிலங்களிலும் வயலோரங்களிலும் திரியும் காட்டுப்பூனைக்குக்கூடச் சின்னதாக உண்டு. ஆனால் கேரகலின் நெருங்கிய உறவான செர்வலுக்கு இல்லை.

சரி, அந்த முடிக்கற்றை எதற்கு? இது இன்றுவரை தீராத கேள்வி. ஒலியைக் காதுக்குள் திருப்பிவிட உதவுகிறது என்பார்கள் சிலர். புல்லுக்குள் பதுங்கும்போது தலையின் உருவரையை உடைத்துக் காட்டுகிறது என்பது இன்னொரு கருத்து. ஒன்றுக்கொன்று சைகை காட்டத்தான் என்பது மூன்றாவது. எதற்கும் முடிவான சோதனை நடந்ததில்லை. எனக்குச் சைகைக் கருத்தின் பக்கம் சாய்வு அதிகம். ஒரு தாய்க் கேரகலும் அதன் வளர்ந்த குட்டியும் எதிரெதிரே உட்கார்ந்து காதுகளைச் சடசடவென்று ஆட்டிக்கொண்டிருந்ததை ஒருமுறை தொலைநோக்கியில் பார்த்திருக்கிறேன். காதின் பின்புறக் கறுப்பும், ஏறக்குறைய நான்கு சென்டிமீட்டர் நீளக் கற்றையும், கண்ணோரத்து வெள்ளைக் கோடும் சேர்ந்து தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரிந்தன. ஆனால் ஒரு காட்சியைக் கொண்டு சட்டம் எழுதக்கூடாது. இது என் எண்ணம், அவ்வளவுதான்.

இனி 'நடுத்தரப் பூனைகள் தனிக் கூட்டமா' என்பது. உறவின்படி பார்த்தால் அப்படி ஒரு கூட்டமே இல்லை. பூமா எழுபது கிலோவைத் தாண்டி வளரும், ஆனால் அதன் கால்வழி சிறுத்தையோடு சேராது. அதற்குக் கர்ஜிக்கத் தெரியாது, வீட்டுப்பூனை போலக் குர்ர் என்றுதான் ஒலி எழுப்பும். படைச்சிறுத்தை (ஆங்கிலத்தில் க்ளௌடட் லெப்பர்ட்) 11 முதல் 23 கிலோதான் இருக்கும், ஆனால் அது புலி, சிங்கம் இருக்கும் கால்வழியைச் சேர்ந்தது. ஓசலாட் தென்னமெரிக்கப் பூனைகளின் கிளை. மீன்பிடிப் பூனை ஆசியச் சிறு பூனைகளின் கிளை. எட்டுப் பத்துக் கிலோவிலிருந்து இருபது சொச்சம் கிலோவரை உள்ள பூனைகளை ஒரு வரிசையில் நிறுத்தினால், அவை வெவ்வேறு வீட்டிலிருந்து வந்து ஒரே உயரத்தில் நிற்பவை.

அப்படியானால் அந்த உயரத்துக்குப் பொருளே இல்லையா என்றால், நிறையவே இருக்கிறது. இந்தப் பதிலில் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவதும் இதைத்தான். 1999இல் நேச்சர் இதழில் வந்த ஒரு ஆய்வு, தரையில் வாழும் ஊனுண்ணிகளின் உடல் எடையையும் அவற்றின் இரையின் எடையையும் வைத்துப் பார்த்தது. 21.5 கிலோ அளவில் ஒரு கோடு விழுந்தது. அதற்குக் கீழே உள்ளவை பெரும்பாலும் தம்மில் பாதி எடைகூட இல்லாத சின்ன இரையைத் தின்றே வாழ்கின்றன. அதற்கு மேலே உள்ளவை தம் எடைக்கு ஈடான அல்லது அதைவிடப் பெரிய இரையைத் தேடிப் போகின்றன. காரணம் வரவு செலவுக் கணக்கு. உடம்பு பெருக்கப் பெருக்க அன்றாடச் செலவு கூடுகிறது. ஆனால் ஒரு நாளில் பிடிக்கக்கூடிய எலிகளின் எண்ணிக்கை அதே வேகத்தில் கூடுவதில்லை. ஏதோ ஓர் எடையில் எலி கட்டுப்படியாகாமல் போகிறது, மானைத் தேடியே ஆகவேண்டியிருக்கிறது. 21.5 என்ற எண் ஒரு சராசரி என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். எந்தப் பூனையும் தராசில் ஏறிப் பார்த்துவிட்டு வேட்டைக்குக் கிளம்புவதில்லை. ஆனால் அந்தப் போக்கு உண்மை.

கேரகலின் எடை பொதுவாக 8 முதல் 18 கிலோ, சில ஆண்கள் அதைத் தாண்டும். அதாவது அந்தக் கோட்டுக்கு மிக அருகே, கீழ்ப்பக்கத்தில் நிற்கிறது. எலி தின்று பிழைக்கும் அளவுக்குச் சின்னது, வேளை வந்தால் தன்னைவிடக் கனத்த மானை வீழ்த்தும் அளவுக்குப் பலமானது. சின்ன இரையைப் பிடரியில் கடித்து முடிக்கும், பெரிய இரையென்றால் தொண்டையைக் கவ்விப் பிடித்து மூச்சை நிறுத்தும். இரண்டு தொழிலையும் கற்று வைத்திருக்கும் பூனை என்று சொல்லலாம்.

அதே எடையில் இருக்கும் மற்ற பூனைகள் எல்லாமே இப்படி இரண்டு பக்கமும் கால் வைப்பதில்லை. செர்வலும் ஏறக்குறைய அதே எடைதான், ஆனால் உடல் அளவோடு ஒப்பிட்டால் பூனைகளிலேயே மிக நீளமான கால்கள் அதற்குத்தான். உயர்ந்த புல்லுக்கு மேலே பெரிய காதுகளை நீட்டி, புல்லுக்குள் எலி நகரும் ஒலியை வைத்தே குறிபார்த்து, வில்லாக எழும்பி முன்னங்கால்களால் மேலிருந்து அடிக்கும். தான்சானியாவின் ங்கோரோங்கோரோவில் நடந்த கள ஆய்வில் அதன் பாய்ச்சல்களில் ஏறக்குறைய பாதி வெற்றி பெற்றன. ஊனுண்ணிகளில் இது மிக உயர்ந்த விகிதம். மீன்பிடிப் பூனை விரல்களுக்கிடையே பாதி சவ்வு கொண்ட பாதங்களோடு நீரில் இறங்கி மீன் பிடிக்கிறது. ஐபீரிய லின்க்ஸ் தன் வாழ்க்கையை முழுக்க முயலின் மேல் கட்டியிருக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் கொள்ளை நோய்கள் வந்து முயல்கள் மடிந்தபோது அதுவும் கூடவே சரிந்து, 2002இல் நூறுக்கும் கீழே போனது. ஸ்பெயினும் போர்ச்சுகலும் முயலையும் வாழிடத்தையும் மீட்டு, கூண்டில் பெருக்கிய குட்டிகளை விட்டு, 2023 கணக்கெடுப்பில் அதை இரண்டாயிரத்துக்கும் மேல் கொண்டுவந்திருக்கின்றன. இப்படி ஒரே இரையை நம்பும் பூனைகளோடு வைத்துப் பார்த்தால்தான் கேரகல் எவ்வளவு வளைந்துகொடுப்பது என்று புரியும்.

என் மேசைக்கு வந்த எச்சங்களில் அதிகம் இருந்தவை வெள்ளெலிப் பற்களும் முயல் முடியும்தான். ஆப்பிரிக்காவில் நடந்த ஆய்வுகளிலும் எலிகள், முயல்கள், ஹைராக்ஸ் என்ற பாறைவாழ் விலங்கு, சிறு மான்கள் என்று பாலூட்டிகளே முன்னால் நிற்கின்றன. பறவைகள் பின்னால்தான் வருகின்றன. காணொளிகளைப் பார்ப்பவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். எச்சத்தை வைத்துச் சொல்வதற்கும் ஓர் எல்லை உண்டு. பெரிய மானின் சதையை மட்டும் தின்றால் எச்சத்தில் முடி அதிகம் வராது, அதனால் பெரிய இரை குறைத்துக் காட்டப்படும். தானே கொன்றதா, செத்துக் கிடந்ததைத் தின்றதா என்பதை எச்சம் சொல்லவே சொல்லாது. இந்தக் கடைசி விஷயம் ஆடு வளர்ப்பவர்களோடு பேசும்போது மிக முக்கியம்.

அப்புறம் புறாக் கதை. கேரகலின் பின்னங்கால்கள் முன்னங்கால்களைவிட நீளம், தசையும் அதிகம். நின்ற இடத்திலிருந்து மூன்று மீட்டர் உயரம்வரை எழும்பும் என்று பலரும் பதிவு செய்திருக்கிறார்கள். பறக்கத் தொடங்கிய பறவையை நடுவானில் தட்டி வீழ்த்துவதும் உண்மை. 'பத்துப் பன்னிரண்டு புறாக்கள்' என்பது வேறு கதை. இந்தியாவிலும் ஈரானிலும் பழக்கிய கேரகலை, தரையில் தீனி பொறுக்கும் புறாக் கூட்டத்துக்குள் அவிழ்த்துவிட்டு, எத்தனையை வீழ்த்தும் என்று பந்தயம் கட்டியிருக்கிறார்கள். அந்த எண்ணிக்கை அங்கிருந்து வருகிறது, அதையே ஒருவர் சொல்ல மற்றவர் எழுத இன்றுவரை நகர்ந்து வந்திருக்கிறது. நெருக்கமாகக் கூடியிருக்கும் வளர்ப்புப் பறவைகளுக்குள் வலமும் இடமுமாக அடித்தால் பல விழலாம், அதை மறுக்க எனக்குக் காரணமில்லை. ஆனால் காட்டில் அப்படி ஒரு வாய்ப்பு வருவது அரிது. 'ஒரே பாய்ச்சலில்' என்பதை நான் நம்பவில்லை.

மனிதர் இந்தப் பூனையைப் பழக்கியது மட்டும் மறுக்க முடியாத வரலாறு. பதினான்காம் நூற்றாண்டில் டெல்லியை ஆண்ட பிரோஸ் ஷா துக்ளக் கேரகல்களுக்கென்றே தனிக் கொட்டில் வைத்திருந்தார். அக்பருக்கும் இவற்றின் மேல் பெரிய ஆசை. அபுல் ஃபசல் எழுதிய ஆயினி அக்பரியில் ஒரு தகவல் வருகிறது: முன்பு முயலையும் நரியையும் மட்டும் பிடித்துவந்த இந்த விலங்கு, இப்போது வெளிமானையே கொல்கிறது. இதை முதல்முறை படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நானூறு ஆண்டுகளுக்கு முன் அரண்மனையில் எழுதியதும், 1999இல் எடைக் கணக்குப் போட்டுச் சொன்னதும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்கின்றன. கோட்டின் ஓரத்தில் நிற்கும் பூனைக்கு இரண்டு பக்கமும் எட்டும்.

அந்தத் திறமையே அதற்கு ஆபத்தாகவும் வந்து முடிகிறது. மானை வீழ்த்தத் தெரிந்த பூனைக்கு ஆட்டுக்குட்டி எளிது. தென்னாப்பிரிக்காவின் கரூ மேய்ச்சல் நிலங்களில் 1931 முதல் 1952 வரை ஆண்டுக்குச் சராசரியாக இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கேரகல்கள் கொல்லப்பட்டன. அங்கே அதன் பெயர் 'ரூயிகாட்', அதாவது சிவப்புப் பூனை. அத்தனை கொன்றும் அங்கே அது அழிந்துவிடவில்லை. இன்னொரு புறம், எலி தின்னும் பூனைக்கு எலி மருந்தும் வந்து சேரும். கேப் டவுன் நகரை ஒட்டிய மலைச்சரிவுகளில் கேரகல்களை ஆராயும் குழு, பரிசோதித்த விலங்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேலானவற்றின் உடலில் எலி மருந்தின் தடயத்தைக் கண்டது. ஒரு எலியைக் கொல்ல வைத்த மருந்து இரண்டாம் கையாகப் பூனைக்குள் போகிறது.

உலக அளவில் கேரகல் 'அழியும் கவலை குறைவு' என்ற பட்டியலில்தான் இருக்கிறது, ஆப்பிரிக்காவில் நிறைய இருப்பதால். ஆசியாவின் நிலை அப்படியில்லை. இந்தியாவில் 1947க்கு முன் 13 மாநிலங்களின் பரப்பில் பதிவாகியிருந்தது. 2001க்குப் பிறகு ராஜஸ்தான், குஜராத், மத்தியப் பிரதேசம் என்ற மூன்றில் மட்டுமே பதிவுகள் கிடைத்திருக்கின்றன. அதிலும் நிலைத்து வாழக்கூடிய கூட்டம் ராஜஸ்தானின் ரண்தம்போர் பக்கமும் குஜராத்தின் கட்ச் பக்கமும்தான் மிஞ்சியிருப்பதாக 2020இல் வந்த ஆய்வு சொல்கிறது. 2021இல் தேசிய வனவிலங்கு வாரியம் அதை மிக ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்தது. நாட்டில் ஐம்பதுதான் மிச்சம் என்று ஓர் எண் சுற்றிவருகிறது. அது ஊகம், கணக்கெடுப்பு கிடையாது. புலியை அதன் வரிகளாலும் சிறுத்தையை அதன் புள்ளிகளாலும் தனித்தனியாக அடையாளம் கண்டு எண்ணுகிறோம். ஒரே நிறத்தில் இருக்கும் கேரகலை அப்படி எண்ண முடியாது. தானியங்கிக் கேமராவில் பத்துப் படம் விழுந்தால் அது பத்து விலங்கா, ஒரே விலங்கு பத்து முறை நடந்ததா என்று படத்தைப் பார்த்துப் பிரிப்பது பெரும்பாடு. அதோடு வறண்ட நாட்டில் அது மிகப் பரந்த நிலத்தில் திரிகிறது. தென்னாப்பிரிக்க மேற்குக் கரையில் ஓர் ஆணுக்கு 27 சதுர கிலோமீட்டர் போதுமானதாக இருந்தது, இஸ்ரேலின் பாலைப் பகுதியில் இருநூறுக்கும் மேல் தேவைப்பட்டது.

ஏன் இங்கே மட்டும் இப்படிச் சுருங்கியது? என் கருத்து இது: துப்பாக்கியைவிட நிலம்தான் காரணம். கேரகல் வாழும் புதர்க்காடும் ஓடைப் பள்ளங்களும் அரசு ஆவணங்களில் 'தரிசு' என்று எழுதப்படுகின்றன. தரிசு என்று எழுதியதும் அதில் எதைக் கட்டினாலும் நஷ்டமில்லை என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அந்தத் தரிசில்தான் என் எச்சப் பைகள் எல்லாம் நிரம்பின.

வளர்ப்பது பற்றிக் கேட்டதற்கு: இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கேரகல் இருக்கிறது, வளர்ப்பது குற்றம். சட்டம் அனுமதிக்கும் நாடுகளிலும் நான் வேண்டாம் என்றே சொல்வேன். அக்பரின் கேரகல்கள் பழகியவைதான், ஆனால் அவற்றுக்கு முழுநேரப் பணியாளர்களும் வேட்டைக்களமும் இருந்தன. பழக்குவதும் தலைமுறை தலைமுறையாக வளர்ப்பு விலங்காக மாற்றுவதும் வேறு வேறு. வீட்டுப்பூனை அந்த இரண்டாவது பாதையில் பல ஆயிரம் ஆண்டுகள் வந்தது, கேரகல் அதில் அடியெடுத்தே வைக்கவில்லை. நீங்கள் அனுப்பிய காணொளியில் அது காதைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, வாயைத் திறந்து, கேமராவைப் பார்த்துச் சீறுகிறது. கீழே பலர் அது சிரிக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். ஒலியைக் கூட்டி வைத்து இன்னொரு முறை கேளுங்கள். கிட்டே வராதே என்று அது நாலு தடவை சொல்கிறது.